முதுமையில் மறதி: பெற்றோரை இல்லத்தில் சேர்க்கும் முன்



மனித வாழ்வின் படித்தரங்களை எடுத்துரைக்கும் அல்லாஹுத்தஆலா, திருக்குர்ஆனின் இரண்டு இடங்களில் (16:70, 22:5) ஒரு நிலையைக் குறிப்பிட்டுக் காட்டுகின்றான். எல்லாம் அறிந்திருந்த ஒருவர் எதையும் அறியாதவராக ஆகிவிடும் அளவுக்குத் தள்ளாத பருவத்திற்குத் திருப்பப்படுகின்றார் என்பது அதன் கருத்து. 'அர்தலுல் உமுர்' என்று அந்நிலைக்குப் பெயர். அதை விட்டும் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அல்லாஹ்வின் தூதரே பாதுகாப்புத் தேடிய ஒரு நிலையில் நம் வீட்டுப் பெரியவர் சிக்கியிருக்கும்போது, அவர் பிடிவாதம் பிடிக்கின்றார், வேண்டுமென்றே செய்கின்றார் என்று நாம் முணுமுணுப்பது எவ்வளவு பெரிய அறியாமை!

நம் சங்கராபுரம் கடைவீதியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஜவுளி வியாபாரம் செய்த ஒரு பெரியவரை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கின்றது. பெயர் வேண்டாம். ஐவேளையும் முதல் ஸஃப்பில் நின்றவர். முதலில் ரக்அத்களின் எண்ணிக்கை தவறியது. பிறகு, லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்குச் சென்றவர் பத்து நிமிடத்தில் மீண்டும் ஒளூச் செய்துகொண்டு லுஹர் தொழ வந்தார். அதன் பின், பணம் கொடுத்த ஒருவரிடமே மறுபடியும் பணம் கேட்டார் என்று புகார் வந்தது. நாணயத்துக்குப் பெயர் பெற்றவர் மீது அப்படியொரு சொல் விழுந்ததுதான் குடும்பத்தாரை முதலில் உலுக்கியது. கடைசியில், மஃரிப் நேரம் நெருங்கினால் கைப்பையை எடுத்துக்கொண்டு, "கள்ளக்குறிச்சி பஸ் போய்விடும், விடுங்கள்" என்று புறப்படத் தொடங்கினார். ஓர் இரவு இஷாவுக்குப் பின் திருவண்ணாமலை சாலையில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தவரை ஒரு லாரி ஓட்டுநர் பார்த்து அழைத்து வந்தார்.

மூத்த மகன் ரியாதில், இளையவர் சென்னையில். வீட்டில் இருந்தவர்கள் அவருடைய மனைவியும் மூத்த மருமகளும் மட்டுமே. "அத்தாவை ஓர் இல்லத்தில் சேர்த்தால் பாவமாகுமா, ஹஜ்ரத்?" என்று இளைய மகன் கேட்டார். இப்படிக் கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டனர். ஆனால், 'சேர்ப்பதென்றால் எதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்?' என்று அடுத்த கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கூடும் என்ற விடை கிடைத்தவுடன் பொறுப்பு முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர். பொறுப்பு அங்கேதான் தொடங்குகின்றது.

முதலில் மருத்துவர்

இல்லத்தைத் தேடும் முன்னர், இது உண்மையில் மறதி நோய்தானா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, கடும் மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டதால் மெல்ல மெல்ல உறையும் இரத்தம் ஆகியவையும் மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. நேற்றுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவரை இல்லத்தில் கொண்டுபோய் விட்டால், குணமாகக்கூடியவரை நாமே கைவிட்டவர்களாவோம்.

சென்னைக்கோ புதுச்சேரிக்கோ ஓடவேண்டிய நிலை இப்போதில்லை. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கின்றது. மேல் பரிசோதனை தேவைப்பட்டால், 2024ல் சென்னை கிண்டியில் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனைக்குச் செல்லலாம்.

அல்ஸைமர் நோய், மூளை இரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதி ஆகியவைதாம் இதில் அதிகம் காணப்படுபவை. 2023ல் வெளியான ஓர் அகில இந்திய ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆகவே இது ஏதோ ஒரு வீட்டின் சாபமோ, யாரோ செய்த சூனியமோ அன்று. ஊதிப் பார்ப்பதற்கும் ஓதிப் பார்ப்பதற்கும் அலைந்து, மருத்துவரிடம் செல்லவேண்டிய இரண்டு ஆண்டுகளை இழந்த குடும்பங்களை நான் அறிவேன். ஓதுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள்.

வீடா, இல்லமா?

பெற்றோரைப் பற்றிப் பேசும் 17ஆம் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தில், அவர்கள் முதுமையை அடையும் இடத்தைக் குறிக்க 'இன்தக' என்ற ஒரு சொல் வருகின்றது. 'உன்னிடத்தில்' என்பது அதன் பொருள். இச்சொல்லைக் கடந்துவிட்டு எவரும் இல்லத்தின் வாசலை மிதிக்க முடியாது. வீட்டில் வைத்துப் பார்க்க இயலுமானால் அதுவே முதன்மையானது. அதிலும், மறதி நோயாளிக்குப் பழகிய திண்ணையும், பழகிய பாங்கோசையும், பழகிய தட்டும் மருந்தைப் போன்றவை. இடம் மாறினால் குழப்பம் கூடும் என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி.

ஆனால் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் 'வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம்' என்று ஆண்கள் பெருமையாகச் சொல்லும்போது, பார்ப்பவர் பெரும்பாலும் மருமகளாக இருக்கின்றார். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள் மீது மார்க்கம் விதித்த கடமையன்று. அவர் செய்தால் அது அவருடைய பெருந்தன்மை. அதற்கான கூலி அல்லாஹ்விடம் உண்டு. கடமை மகனுடையது. தந்தைக்குப் பணியாள் தேவைப்படுமானால் அப்பணியாளின் செலவும் மகன் கொடுக்கவேண்டிய நஃபகாவில் சேரும் என்று ஃபுகஹாக்கள் எழுதியுள்ளனர். எனவே முதலில் வீட்டுக்கே ஓர் ஆளை ஏற்பாடு செய்ய முடியுமா, உடன்பிறந்தோர் மாதங்களைப் பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். 2021ல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து மருந்து தருவதையும், படுக்கையில் கிடப்போருக்கான பராமரிப்பையும் பயன்படுத்திக் கொள்ளுங்கள்.

இவை எதுவும் இயலாமல், நோயாளி இரவில் வெளியேறி உயிருக்கே ஆபத்து என்ற நிலை வரும்போது, நல்ல பராமரிப்புள்ள ஓர் இடத்தில் சேர்ப்பதைக் கைவிடுதல் என்று சொல்ல நான் துணியமாட்டேன். நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் நம் வரலாற்றுக்கு அந்நியமானதும் அன்று. கி.பி. 1284ல் சுல்தான் மன்சூர் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மாரிஸ்தானில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. சித்தம் கலங்கியோருக்கும் இடம் இருந்தது. வக்ஃப் வருமானத்தில் அது நடந்தது. கட்டடத்தின் பெயர் இல்லமா மருத்துவமனையா என்பதில் ஒன்றுமில்லை. அதனுள்ளே நடப்பதுதான் செய்தி.

இரு கசப்பான நிகழ்வுகள்

உள்ளே நடப்பதைப் பார்க்காமல் விட்டதன் விலையை நம் தமிழகம் இரண்டு முறை கொடுத்திருக்கின்றது.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பியோட முடியாமல் 28 பேர் கருகி இறந்தனர். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பத்தாரெல்லாம் கல்நெஞ்சர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஷிஃபா கிடைக்கும் என்று நம்பி, மாதாமாதம் பணம் அனுப்பியவர்களும் அவர்களில் இருந்தனர். இரவில் கட்டிப்போடுவார்களா, சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்கத்தான் தவறினார்கள்.

இரண்டாவது நிகழ்வு நமக்கு இன்னும் அருகில். 2019 வரை நம் ஊரும் சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்தில், குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் சோதனை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டனர். உரிய அனுமதியின்றி அது நடந்துவந்தது தெரியவந்தது. இந்தச் சோதனைக்குக் காரணமாக இருந்தது, வெளிமாவட்டத்தைச் சேர்ந்த, நம் சமுதாயத்து முதியவர் ஒருவரைப் பற்றிய வழக்கு. 2021 டிசம்பரில் அங்கே சேர்க்கப்பட்ட அவரை, பல மாதங்கள் கழித்து உறவினர் தரப்பில் பார்க்க வந்தபோது, பெங்களூருவிலுள்ள வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே சென்று தேடினால் அங்கும் அவரில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடவேண்டி வந்தது. பின்னர் விசாரணை சி.பி.சி.ஐ.டி. வசம் மாறியது.

இவ்விரண்டிலும் ஒரே நூல் ஓடுவதைக் கவனியுங்கள். அடைபட்டிருந்தவர்கள், தமக்கு நேர்வதை வெளியே எடுத்துச் சொல்ல இயலாதவர்கள். மறதி நோயாளியும் அப்படித்தான். நேற்றிரவு அடித்தார்களா என்று கேட்டால் அவருக்கு நினைவிருக்காது. பசித்தது என்று சொல்லத் தெரியாது. சாதாரண முதியோர் இல்லத்தில் இருப்பவர் தொலைபேசியில் குறை சொல்லுவார். இவர் சிரித்துக்கொண்டே இருப்பார், அல்லது காரணமின்றி அழுவார். ஆகவே இவருக்கு இல்லம் பார்க்கும்போது, அவருடைய நாவாகவும் கண்ணாகவும் நாம் இருந்தாக வேண்டும்.

மூன்று இல்லங்கள்

அந்த ஜவுளிக்கடைப் பெரியவருக்காக மூன்று இடங்களை நானும் இளைய மகனும் அவருடைய தாயாருமாகச் சென்று பார்த்தோம். ஊர்ப் பெயர்கள் தேவையில்லை.

முதலாவது, புறவழிச்சாலையில் புதிய கட்டடம். பளிங்குத் தரை, மீன்தொட்டி, குளிரூட்டிய வரவேற்பறை. மேலாளர் இனிமையாகப் பேசினார். உள்ளே, பெரிய தொலைக்காட்சிக்கு எதிரே நாற்காலிகளில் பதினைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தனர். எல்லோரும் தலை சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தனர். நேரம் பகல் பதினொரு மணி. பதினைந்து பேர் ஒரே நேரத்தில் உறங்கினால் அது உறக்கமன்று, மாத்திரை. மனநோய்க்குரிய சில மருந்துகளை மறதி நோயாளிகளான முதியவர்களுக்குக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005லேயே எச்சரித்தது. மருத்துவர் தேவை கருதி, குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்திற்கு எழுதிக் கொடுப்பது வேறு. ஆள் பற்றாக்குறைக்கு மாத்திரையைப் பணியாளாக்குவது வேறு. ஒவ்வொருவருக்கும் என்ன மருந்து, எழுதியவர் யார், கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்தார் என்று கேட்டோம். மேலாளர் மீன்தொட்டியைப் பற்றி மீண்டும் பேசத் தொடங்கினார்.

இரண்டாவது இடத்தில் எல்லோருக்கும் தலை மழிக்கப்பட்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே நிற உடை. பேன் வராமல் இருக்கவே என்றார்கள். நடத்துபவர் கெட்டவரல்லர், வசதி குறைவு, ஆள் குறைவு. ஆயினும் சட்டம் என்ன சொல்கின்றது என்பது அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரிந்திருப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதன் வரையறைக்குள் நினைவாற்றல் பாதிப்பையும் சேர்த்துச் சொல்கின்றது. அதன் 20ஆவது பிரிவின்படி, கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. சொந்த உடையை அணிய விரும்புபவருக்குச் சீருடையைத் திணிக்கக் கூடாது. உடல் மறைய ஆடையும், தனிமையும், மார்க்க அனுஷ்டானங்களுக்கான வசதியும் கொடுக்கப்பட வேண்டும். 95ஆவது பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கின்றது. கைகால்களைக் கட்டி வைப்பதைப் பற்றி 97ஆவது பிரிவு பேசுகின்றது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவையான நேரம் மட்டுமே அது கூடும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ செய்யக் கூடாது. பதிவேட்டில் எழுத வேண்டும். கட்டிலோடு துணியால் கட்டுவதும், நாற்காலியில் எழ முடியாதபடி பலகை மாட்டுவதும் 'பாதுகாப்பு' என்ற பெயரில் நடப்பவை. மணிக்கட்டைப் பாருங்கள், தழும்பு பேசும்.

மூன்றாவது, சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு பழைய வீடு. எங்களை உட்காரவைத்து, அங்கிருந்த செவிலித்தாய் எங்களிடமே கேள்வி கேட்கத் தொடங்கினார். பெரியவர் என்ன தொழில் செய்தார்? வெந்நீரா, தண்ணீரா? எந்தப் பக்கம் படுப்பார்? எதைக் கண்டால் பயப்படுவார்? கோபம் வந்தால் யார் சொன்னால் கேட்பார்? அந்த அம்மையார் மாற்று மதத்தவர். நம் பெரியவருடைய தொழுகை நேரங்களைக் குறித்துக்கொண்டார். அரைமணி நேரம் அவர் கேட்டு முடித்த பின்னரே கட்டணப் பேச்சு வந்தது. முன்பணத்தை மட்டும் கேட்டு, ஆளைப் பற்றி ஒன்றும் கேட்காத இடத்தில், அங்கே உங்கள் தந்தை ஒரு கட்டில் எண்ணாக மட்டுமே இருப்பார்.

இஷாவுக்குப் பின் ஒரு முறை, சுப்ஹுக்கு முன் ஒரு முறை

பகலில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். இந்நோயாளிகளுக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவது வழக்கம். சரியாக மஃரிப் நேரத்தில்தான் 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று பலர் எழுவார்கள். அப்போது பணியாளர் என்ன செய்கின்றார் என்று பாருங்கள். 'இதுதான் உங்கள் வீடு, பேசாமல் உட்காருங்கள்' என்று அதட்டுபவர் ஒரு வகை. எழுந்து கூடவே நடந்து, பேச்சுக் கொடுத்து, முற்றத்தைச் சுற்றி அழைத்து வருபவர் இன்னொரு வகை. இரண்டாவது வகையினர் எத்தனை பேர் என்பதில்தான் இல்லத்தின் தரம் இருக்கின்றது.

பிறகு, முன்னறிவிப்பின்றி இஷாவுக்குப் பின்பும், இன்னொரு நாள் சுப்ஹுக்கு முன்பும் செல்லுங்கள். உள்ளே விட மறுத்தால் அதுவே விடை. விழித்திருக்கும் பணியாளர் எத்தனை பேர்? கழிவறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரிகின்றதா? எத்தனை படுக்கைகள் நனைந்திருக்கின்றன? வழிதவறும் நோயாளிகள் இருக்கும் இடத்தில் வாசலைப் பூட்டுவது தவறன்று, அவசியமும்கூட. ஆனால் தீப்பிடித்தால் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி எங்கே, அதை வைத்திருப்பவர் விழித்திருக்கின்றாரா? இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். ஏர்வாடியில் அது நடந்ததும் அதிகாலையில்தான்.

ஒரு வேளை உணவின்போதும் கூடவே இருந்து பாருங்கள். ஊட்டிவிட வேண்டிய ஒருவருக்கு அரைமணி நேரம் பிடிக்கும். அப்படிப் பத்துப் பேர் இருந்து, ஊட்டுபவர் இருவர் என்றால், பாதிப்பேர் அரைவயிறு என்று கணக்கே சொல்லிவிடும். சாய்த்துப் படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கும்; நிமிர்த்தி உட்காரவைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மாதந்தோறும் எடை பார்த்து எழுதும் பதிவேடு இருக்கின்றதா? படுத்த படுக்கையாக இருப்போரை இரண்டு மணிக்கொரு முறையேனும் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? இடுப்பிலும் குதிகாலிலும் புண் இருந்தால் அது நடக்கவில்லை என்று பொருள். இறைச்சி எங்கே வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். ஹலால் உறுதியில்லை என்றால் சைவ உணவு மட்டும் கொடுக்கும்படி எழுதிக் கொடுப்பது எளிது.

குளிப்பாட்டுவதைப் பற்றிக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகின்றனர். கூச்சப்படாமல் கேட்க வேண்டியது அதைத்தான். தண்ணீரைக் கண்டால் அஞ்சுவது இந்நோயில் சாதாரணம். அப்படிப்பட்டவரை நான்கு பேர் பிடித்துக் குழாயால் பீய்ச்சுகிறார்களா, வெதுவெதுப்பான நீரில் சிறிது சிறிதாகத் துடைக்கிறார்களா? திரை இருக்கின்றதா? பெண்களைப் பெண்களே குளிப்பாட்டுகின்றனரா, இரவுப் பணியிலும் பெண்கள் இருக்கின்றனரா? அறிவு மங்கிவிட்டால் அவ்ரத்தின் கண்ணியம் மங்கிவிடுவதில்லை. வாழ்நாளெல்லாம் தலைத்துணி விலகாத ஒரு தாய், அதைத் தானே சரிசெய்யத் தெரியாமல் இருக்கும்போது, சரிசெய்துவிடும் ஒரு கை அங்கே இருக்கின்றதா என்பதே கேள்வி.

மொழியை யாரும் யோசிப்பதில்லை. நோய் முற்ற முற்ற, பின்னால் கற்ற மொழி முதலில் உதிர்ந்து, குழந்தையில் பேசிய மொழி மட்டும் எஞ்சுவதுண்டு. நம் வட்டாரத்தில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். ஐம்பதாண்டுகள் தமிழில் வியாபாரம் செய்தவர், கடைசியில் 'பானி' என்று மட்டும் கேட்பார். பெருநகர இல்லங்களில் தமிழே தெரியாத வெளிமாநிலப் பணியாளர்களும் உள்ளனர். உங்கள் தந்தையின் மொழியில் தண்ணீர், பசி, வலி, கழிவறை என்ற சொற்களையாவது பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுங்கள்.

தொழுகையைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சித்த சுவாதீனமில்லாதவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது ஹதீஸின் கருத்து. அறிவு முற்றிலும் மறைந்தவரைத் தொழவில்லையே என்று வற்புறுத்த வேண்டியதில்லை. அவ்வப்போது தெளிவு வருபவருடைய சட்டத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவராக எழுந்து ஐந்தாம் முறையாக அஸர் தொழுதாலும் தடுக்காமல் விடச் சொல்லுங்கள். கிப்லாவுக்கு ஓர் அடையாளம், ஒரு முஸல்லா போதும். ரமலானில் பாங்கு கேட்டுவிட்டு, நோன்பு என்று எண்ணிப் பகலில் உணவை மறுப்பவர்களும் உண்டு. நீரிழிவுக்காரராக இருந்தால் ஆபத்து. பணியாளர்களுக்கு இதை முன்கூட்டியே விளக்கி வைக்க வேண்டும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

முதியோர் இல்லத்துக்கான பதிவு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கின்றதா, மறதி நோயாளிகளை வைத்திருந்தால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு உண்டா என்று சான்றிதழையே பார்க்க வேண்டும். சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தால் அதன் காலாவதித் தேதியையும் படியுங்கள். பதிவு இருப்பதாலேயே இல்லம் நல்லதாகிவிடாது. பதிவே இல்லாத இடத்தில் நாளை ஒன்று நேர்ந்தால் யாரைக் கேட்பீர்கள்?

குடும்பத்தாரின் எழுத்துமூலமான சம்மதமின்றி வேறெந்த இடத்துக்கும் மாற்றக் கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். குண்டலப்புலியூர் வழக்கை அறிந்த பின்னும் இதை எழுதி வாங்காதவரை நான் மன்னிக்கமாட்டேன். எந்த மருத்துவமனைக்கு, யார் செலவில், எத்தனை நேரத்தில் கொண்டு செல்வார்கள். அணையாடை, மருந்து, தனிப்பணியாளர் ஆகியவை கட்டணத்துக்குள்ளா வெளியிலா. நடுவில் அழைத்துச் சென்றால் முன்பணம் திரும்புமா ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜனாஸாவைப் பற்றியும் எழுதியாக வேண்டும். மரணம் நேர்ந்தால் எந்த நேரமானாலும் உடனே குடும்பத்தாருக்கும், குடும்பத்தாரை எட்ட முடியாவிட்டால் குறிப்பிட்ட ஜமாஅத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குஸ்ல், கஃபன், அடக்கம் ஆகியவை நம்முடைய பொறுப்பு. இல்லத்தார் தாமாக எதுவும் செய்யக் கூடாது. இல்லம் இருக்கும் ஊரின் ஜமாஅத் தலைவரை முன்கூட்டியே சந்தித்து, இப்படி ஒருவர் இங்கே இருக்கின்றார் என்று சொல்லி வைப்பது பலவகையிலும் நல்லது. அந்த ஊர் வாலிபர்கள் ஜும்ஆவுக்குப் பின் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால், அந்த இல்லத்தின் மேல் ஒரு கண் இருக்கும்.

கைரேகை விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சொத்தை எழுதிக் கொடுத்தால் ஆயுள் முழுதும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் இல்லத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஓய்வூதிய அட்டையையும் வங்கி அட்டையையும் கேட்டாலும் அப்படியே. இல்லத்தாரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? தந்தையை இல்லத்தில் விடுவதற்கு முந்தைய வாரம் பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அறிவு நீங்கியவரிடம் வாங்கும் ஹிபா மார்க்கத்தில் செல்லாது. அது சகோதரிகளின் வாரிசுரிமையைப் பறிப்பதாகவும் முடியும். பெற்றோரை வேண்டுமென்றே கைவிட்டுச் செல்வது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றமாகும். இல்லத்திலோ வீட்டிலோ கொடுமை நடப்பதாகத் தெரிந்தால், 2021ல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

சேர்த்த பின்

மக்கா வெற்றியின்போது, ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள், பார்வை இழந்து தளர்ந்திருந்த தம் தந்தை அபூகுஹாஃபாவை நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். முதியவரை ஏன் சிரமப்படுத்தினீர், வீட்டிலேயே விட்டிருந்தால் நானே அவரிடம் வந்திருப்பேனே என்ற கருத்தில் நபியவர்கள் கூறினார்கள். வெற்றி பெற்ற தலைவர், ஒரு பார்வையற்ற முதியவரின் இருப்பிடத்துக்குத் தாம் செல்வதைத் தம் கடமையாகக் கருதிய அந்த வார்த்தையை, இல்லத்தில் தந்தையை விட்டிருக்கும் ஒவ்வொரு மகனும் நினைவில் வைக்க வேண்டும். 'போனாலும் என்னை அடையாளம் தெரியவில்லையே, போய் என்ன பயன்?' என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கின்றேன். அவருக்கு உங்களைத் தெரியாவிட்டாலும் உங்களுக்கு அவரைத் தெரியுமல்லவா? தவிரவும், அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் நோயாளியிடம் எந்த இல்லத்திலும் பணியாளர் கூடுதல் கவனமாக இருப்பார்.

அந்தப் பெரியவர் மூன்றாவது இல்லத்தில்தான் சேர்க்கப்பட்டார். முதல் மாதம் சிரமமாக இருந்தது; இரண்டு முறை விழுந்தார், ஒருமுறை ஒரு பணியாளரை அறைந்துவிட்டார். இளைய மகன் இரு வாரங்களுக்கொரு முறை, நாள் சொல்லாமல், நேரம் சொல்லாமல் செல்கின்றார். ஒரு நாள் சுப்ஹுக்கு முன் போனபோது படுக்கை நனைந்து, குளிர்ந்து கிடந்தது. சண்டை போடாமல், அன்று காலையே செவிலித்தாயிடம் உட்கார்ந்து பேசினார். இரவுப் பணிக்கு இன்னொருவர் வந்தார்.

போன ரமலானில் மஃரிப் நேரத்தில் நானும் உடன் சென்றேன். பெரியவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பணியாளர் ஒருவரும் எழுந்து கூடவே நடந்தார். வாசல் வரை சென்று, சற்று நின்று, "இனிமேல் இன்றைக்கு பஸ் இல்லை பாய், காலையில் பார்க்கலாம்" என்றார். பெரியவர் சாலையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கைப்பையை அவரிடம் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் மகனைக் கண்டு, எந்தக் கடைக்குச் சரக்கு வேண்டும் என்று கேட்டார். மகன் கடையின் பெயரைச் சொன்னார், அத்தாவின் கடைப் பெயரையே.